சோகம் பாட்டு எழுதாது, சார்!

ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' ஆல்பம் பத்திப் பேச்சு வந்தா, நண்பர்கள் எல்லாரும் ஒரே வசனம்தான் பேசறாங்க. "மனசு உடைஞ்சாத்தான் சார் நல்ல பாட்டு வரும்!" கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: 1976-ல் கலிஃபோர்னியாவில் சாசலிட்டோ ஸ்டூடியோவில் அஞ்சு பேர் பதிவு பண்ண உட்கார்ந்தாங்க. பாஸ் கிடார் ஜான் மெக்வீ, கீபோர்டு கிறிஸ்டின் மெக்வீ, ரெண்டு பேரும் அப்பத்தான் பிரிஞ்ச புருஷன் பெண்டாட்டி. கிடார் லிண்ட்சே பக்கிங்ஹாம், பாடகி ஸ்டீவி நிக்ஸ், இவங்க பல வருஷக் காதலை முறிச்சுக்கிட்டவங்க. டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட் வீட்டிலும் கல்யாணம் ஆட்டம் கண்டிருந்தது. 1977 பிப்ரவரியில் ஆல்பம் வந்தது. அமெரிக்காவில் 31 வாரம் முதலிடம், 1978-ல் கிராமி, இன்னிக்கு வரைக்கும் விற்பனை நாலு கோடிக்கு மேல்.

இதுக்கெல்லாம் சோகமா காரணம்? அப்படின்னா குடும்பநல கோர்ட் வாசல்ல நிக்கிற அத்தனை பேரும் ஆளுக்கொரு ஆல்பம் போட்டிருக்கணுமே! காரணம் வேலை. முகம் பார்த்துப் பேசாத ஆளோட பாட்டுக்கும் தாளம் தப்பாம வாசிச்ச வேலை. கிறிஸ்டின் தன் புதுக் காதலைப் பத்தி எழுதின 'யூ மேக் லவ்விங் ஃபன்' பாட்டுக்கு பாஸ் வாசிச்சது யாரு? அதே ஜான்தான்.

எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. வீட்டுச் சண்டையைப் பாட்டாக்கினா, மைக் பிடிச்சவர் கட்சி மட்டும்தான் ஊருக்குக் கேக்கும். பாப் டிலனின் 'ப்ளட் ஆன் தி ட்ராக்ஸ்' (1975) அவர் கல்யாணம் உடைஞ்ச கதைன்னுதான் ரசிகர்கள் கேக்கறாங்க. இல்லைன்னு அவர் மறுத்தார், அது வேற. ஆனா அந்த அம்மாவோட பதில் எந்தக் கடையிலும் கிடைக்காது.

பற்று எழுதினா வரவும் எழுதணும்னு பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துடுவாங்க. ரூமர்ஸ் ஓரளவு அப்படி எழுதின கணக்கு. 'கோ யுவர் ஓன் வே'யில் பக்கிங்ஹாம் தன்னைக் குத்திக்காட்டின வரியை எடுக்கச் சொல்லி நிக்ஸ் கேட்டாங்க. எடுக்கலை. அந்தப் பாட்டுக்கே பின்குரலும் கொடுத்தாங்க. ஆனா அவங்க பங்குக்கு எழுதின 'ட்ரீம்ஸ்'தான் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போன குழுவோட ஒரே பாட்டு.

அங்கேயும் கணக்கு முழுசா நேராகலை. நிக்ஸ் எழுதின இன்னொரு பதில் 'சில்வர் ஸ்பிரிங்ஸ்'. நீளம் அதிகம்னு ஆல்பத்திலிருந்து தூக்கிட்டாங்க. எங்க கொண்டு போய்ப் போட்டாங்க தெரியுமா? 'கோ யுவர் ஓன் வே' இசைத்தட்டோட பின்பக்கத்தில்! 1997-ல் 'தி டான்ஸ்' நிகழ்ச்சியில் பக்கிங்ஹாமை நேருக்கு நேர் பார்த்து அவங்க அதைப் பாடினப்பத்தான் ஊரே திரும்பிப் பார்த்தது. இருபது வருஷம் ஆச்சு, சார்!

அதனால, அடுத்த தடவை யாராவது சோகத்துக்கு மாலை போட்டா, ஒண்ணே ஒண்ணு கேளுங்க: எதிர்க்கட்சிக்கு மைக் கிடைச்சுதா?