பந்தியில் எங்கே உட்கார்ந்து வரைவது?

நாஞ்சில் நாட்டுக் கதைகளில் வரும் ஊர்களையும் சாப்பாட்டையும் நேரில் போய் வரைவோம் என்று போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் கிளம்பினோம். முதலில் சுசீந்திரம். தெப்பக்குளக் கரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்த ஒரு தங்கையின் நோட்டை ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். “நல்லா வரையுதியே மக்கா” என்றார். அடுத்த கேள்வி, “எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?” தெருவைக் கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

இப்படிக் கூட்டாக வீதியில் உட்கார்ந்து வரைவது இன்று உலகம் முழுக்க நடக்கிறது. 2007இல் சியாட்டில் நகரப் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் காம்பனாரியோ தொடங்கிவைத்த ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ இயக்கத்தின் விதி எளிமையானது: இடத்துக்கே போய் வரை, கண்டதை உண்மையாக வரை. எங்களுக்குப் பிடித்த விதி. செல்போனில் படமெடுப்பவர் ஒரு நொடியில் போய்விடலாம். வரைகிறவர் ஒரு மணி நேரமாவது அங்கே உட்கார்ந்தாக வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள இதே தெருக்களில் நடக்கும் உரிமைக்காகத்தான் 1926இல் சுசீந்திரம் சத்தியாகிரகம் நடந்தது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12இல். நடக்கவே போராட வேண்டியிருந்த தெருவில் நம் பிள்ளைகள் சாவகாசமாக உட்கார்ந்து கோடு போடுவது சின்ன விஷயமில்லை. அதனால்தான் அந்தப் பெரியவரின் கேள்விக்கும் அவ்வளவு கனம்.

ஆனால் எங்கள் பட்டியலைத் திரும்பப் பார்த்தபோது எங்களுக்கே வெட்கமாக இருந்தது. கோயில், தேர், அக்கிரகாரம், வாழையிலையில் அவியல், எரிசேரி, புளிசேரி. நாஞ்சில் சாப்பாடு என்றதும் கல்யாணப் பந்திதான் எங்கள் கண்ணிலும் வந்திருக்கிறது. யாருக்குப் போட்ட பந்தி? திருவிதாங்கூர் அரசு ஊட்டுப்புரைகள் நடத்திப் பிராமணர்களுக்கு இலவசமாகச் சோறு போட்டது. அந்த நெல்லை நட்டு அறுத்தவர்கள் வாசலுக்கும் வர முடியாது. கண்டதை வரை என்கிறார்களே, எங்கே உட்கார்ந்து கண்டதை? பந்தியில் இருந்தவர் இலையைப் பார்த்தார். எச்சில் இலை எடுத்தவர் பார்த்தது வேறு.

இலக்கியம் இதைக் காணாமல் இல்லை. நாஞ்சில் நாடனின் ‘இடலாக்குடி ராசா’வில் பந்தியில் கேலிக்கு ஆளாகி எழுந்து போகிறவன் இருக்கிறான். அவன் விட்டுப்போன இலைக்கு எங்கள் பட்டியலில் இடமில்லாமல் போனது எங்கள் குறை, கதையின் குறையல்ல.

பட்டியலை மாற்றினோம். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் சேர்ந்தன. (மரச்சீனியைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. ராஜா பரப்பியும் அதற்கு விருந்து இலையில் இடம் கிடைக்கவில்லை!) சாமிதோப்பில் வைகுண்டர் எல்லாச் சாதிக்கும் பொதுவாக்கிய முத்திரிக்கிணறு சேர்ந்தது. மாட்டுக்கறிக் கடையைச் சேர்த்தபோது ஒரு தம்பி, “இத இன்ஸ்டாவில போடலாமாண்ணே, காலேஜ்ல பாப்பாங்களே” என்று தயங்கினான். போடுவதும் போடாததும் அவன் முடிவு. தயங்க வைத்தது எது என்பதைப் பற்றி மட்டும் ரொம்ப நேரம் பேசினோம்.

நாங்கள் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும். ஒரு காலனியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பாட்டியை, கேட்காமலே வரைய ஆரம்பித்துவிட்டோம். “எங்க கஞ்சிச் சட்டி ஒங்களுக்குக் காட்சியா மக்களே?” என்றார். சேரியின் வறுமையை அழகான படமாக்கிச் சுவரில் மாட்டுகிறவர்களைத் திட்டிக்கொண்டே அதையே நாமும் செய்திருக்கிறோம். இப்போது கேட்டுவிட்டுத்தான் வரைகிறோம். வரைந்ததில் ஒரு பிரதியை அவர்களிடமே கொடுக்கிறோம்.

மன்னிப்புக் கேட்ட பிறகு பாட்டியே எங்களைத் தெருமுக்குக்கு அழைத்துப் போனார். “இந்த எடத்துல ஒரு டீக்கடை இருந்து. நமக்குச் சிரட்டையிலதான் ஊத்துவான். அத வரையுங்க.” இப்போது அங்கே இருப்பது செல்போன் ரீசார்ஜ் கடை. கண்டதை மட்டும் வரைய வேண்டும் என்றால், இல்லாத கடையை எப்படி வரைவது? சுசீந்திரத்தில் பென்சிலைக் கீழே வைத்த அந்தத் தங்கைதான் முதலில் உட்கார்ந்தாள். ரீசார்ஜ் கடையை உள்ளபடியே வரைந்தாள். அதன் கீழே பாட்டி சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதினாள். பாட்டியின் சம்மதத்தோடு அவர் பெயரையும் போட்டாள்.

பாதியில் நின்ற தெப்பக்குளம் அதே நோட்டில் முந்தைய பக்கத்தில் இருக்கிறது. வருகிற ஞாயிறு அதை முடிக்கப் போகிறோம்.