கடலிற் குடியிருந்து கடலைக் காண்டல்

மன்னார்க் குடாக்கடலில் முத்துக்குளித்தோர் கயிற்றிற் கட்டிய கல்லின்மீது காலூன்றி, ஒரு மூச்சை அடக்கிக்கொண்டு கீழிறங்கினர். அவர் இறங்கியது வயிற்றின் பொருட்டு. இந்நாளிலோ கைப்பொருள் கொடுத்துக் கடலுள் இறங்குவார் தொகை பெருகி வருகின்றது. 1943-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரராகிய கூஸ்தோ, காஞான் என்னும் இருவர், முதுகிற் சுமந்த கலத்திலிருந்து வேண்டுமளவே காற்றைத் தரும் பொறியொன்றைச் செய்து முடித்தனர். அன்றுமுதல் மனிதன் மீன்களிடையே ஒரு மணி நேரம் உலவலானான். ஸ்கூபா என வழங்குவது இதுவே.

இவ்விளையாட்டிற்குச் சிறந்த களங்கள் பல கரைக்கு அண்மையில் இல்லை. காலையிற் தோணியேறி மாலையில் மீள இயலாத தொலைவில், ஊரும் விடுதியும் இல்லாத தீவுகளைச் சூழ்ந்து அவை கிடக்கின்றன. ஆதலின் ஒரு கப்பலையே விடுதியாகக் கொண்டு, ஒரு கிழமையளவும் அதிலேயே உண்டு உறங்கி, நாடோறும் மூன்று நான்கு முறை நீருள் மூழ்கி வரும் பிரயாணங்கள் தோன்றின. இவற்றை 'லைவபோர்ட்' என்பர். கோஸ்ட்டா ரிக்கா நாட்டின் கோக்கோஸ் தீவிற்குச் செல்ல, ஏறத்தாழ 550 கிலோமீட்டர் கடலை ஒன்றரை நாளிற் கடத்தல் வேண்டும். இத்தகைய பிரயாணங்கள் தக்கனவோ, தகாதனவோ என்னும் வினா நம் மாணவரிடையேயும் எழக் கேட்டிருக்கின்றோம். பொதுப்படப் பேசுவதினும் ஓரிடத்தை எடுத்து ஆராய்தலே நன்றென எண்ணுகின்றோம்.

பிலிப்பைன் நாட்டில், சூலுக் கடலின் நடுவே, புவேர்ட்டோ பிரின்செசா நகரினின்று தென்கிழக்கில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் துப்பத்தாகா என்னும் பவளப்பார்கள் உள்ளன. வடக்கிலும் தெற்கிலுமாக இரண்டு பெரிய பவள வளையங்கள். அவற்றிற்கு வடக்கே தனித்ததொரு சிறு பார். வற்றுநீரில் வெளிப்படும் நீண்ட பார் என்பதே அப்பெயரின் பொருள் என்பர். பாரின் விளிம்பு சுவர்போற் செங்குத்தாக ஆழத்தில் இறங்குகின்றது. அச்சுவரையொட்டிச் சுறாக்களும், பாரை மீன் கூட்டங்களும், பேராமைகளும், கொம்புத் திருக்கைகளும் திரிகின்றன. இரண்டு சிறு திட்டுகளிற் கடற்பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றில் விருந்தினர் கால் வைத்தலாகாது. மார்ச்சு நடுப்பகுதி தொடங்கி ஜூன் நடுப்பகுதி வரையிலுமே கடல் அமைதியாயிருக்கும். அக்காலத்து இரவில் நகரத்தை விட்டுப் புறப்படுங் கப்பல் விடியலில் அங்குச் சேரும். வேறு வழியில்லை, தங்குதற்கு வேறிடமும் இல்லை.

இப்பார்கள் காகயான்சில்லோ என்னுந் தீவூரின் எல்லைக்குட்பட்டவை. அவ்வூர்ச் செம்படவர் தலைமுறை தலைமுறையாகக் கோடைநாளிற் பாய்மரத் தோணியேறி அங்குச் சென்று மீனும் முட்டையுங் கொணர்ந்தனர். பிற்காலத்தில் அயலிடங்களிலிருந்து வந்தோர் வெடிமருந்து எறிந்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிக்கத் தலைப்பட்டனர். பவளம் பொடியாயிற்று. 1988-இல் அரசாங்கத்தார் அதனைத் தேசியக் கடற்பூங்காவாக்கினர். 1993-இல் அது உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாயிற்று. இன்று அங்கே எவரும் ஒரு மீனும் பிடித்தலாகாது. வெளியார் செய்த தீங்கிற்காக ஊராரும் தங்கள் கடலை விட்டுக்கொடுத்தனர் என்பதை நேயர்கள் கருதுதல் வேண்டும். மூழ்க வருவோர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கு அவ்வூருக்குச் செல்கின்றது. அதனைத் தருமம் என்று கூறுதல் பிழை. அது வாடகை, வாடகையினுங் குறைந்தது என்றே யாம் சொல்வோம்.

இது செல்வர் களியாட்டேயன்றோ என்று சிலர் வினவுகின்றனர். ஆம், செல்வர் களியாட்டே. அதனை மறைத்துப் பயனில்லை. ஆயின் அக்களியாட்டினர் தீவில் ஒரு செங்கல்லும் வைப்பதில்லை. பாரின்மீது நங்கூரம் போடாமல், இட்டிருக்கும் மிதவைகளிலேயே அவர் கப்பல் கட்டப்படுகின்றது. பவளத்தைப் பற்றும் எண்ணமே எழாதிருக்கக் கையுறை அணிதலையும் விலக்கியுள்ளனர். பருவம் முடிந்ததும் எல்லாரும் அகன்றுவிடுகின்றனர். கரையில் விடுதியெழுந்த தீவுகளிலோ கழிவுநீரும் விளக்கொளியும் ஆண்டு முழுதும் ஓய்வதில்லை.

துப்பத்தாகாவைப் பெரிதும் நொறுக்கினோர் மூழ்க வந்தோரல்லர். 2013-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கப் போர்க்கப்பலாகிய கார்டியன் அங்கே தரைதட்டி, 2,300 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பாரை அழித்தது. கப்பலைத் துண்டு துண்டாக அறுத்தே அகற்ற நேர்ந்தது. 2015-இல் 8 கோடியே 70 லட்சம் பெசோ இழப்பீடாகக் கொடுக்கப்பட்டது. அதே 2013 ஏப்ரலில் ஒரு சீன மீன்பிடி கப்பல் முட்டியது. அதனுள் அழுங்கு விலங்கின் இறைச்சி பெட்டி பெட்டியாக இருந்தது. அதற்கும் முன்பு, 2005-இல், இயற்கையைக் காக்கவே கடலோடும் கிரீன்பீஸ் சங்கத்தாரின் கப்பலும் அங்குத் தட்டித் தண்டம் செலுத்தியது. நல்லெண்ணம் மட்டும் கப்பலைச் செலுத்தாது போலும்!

மற்றொரு குற்றச்சாட்டு உண்டு. அதற்கு எம்மிடம் நேர்விடை இல்லை. விருந்தினர் பல்லாயிரம் மைல் ஆகாய விமானத்திற் பறந்து வருகின்றனர். அவ்வெண்ணெய்ப் புகை வானத்திற் சேர, வானம் வெம்ப, கடலும் வெம்புகின்றது. நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் பவளப்பூச்சி தன்னுள் வாழும் நுண்பாசியை வெளியேற்றி வெளிறிப் போகின்றது. 1998-இல் துப்பத்தாகாவும் அவ்வாறு வெளிறியது. மூழ்குவோர் வாராதொழிந்தால் இவ்வெப்பம் நின்றுவிடும் என்பார் கூற்றை யாம் ஒப்பவில்லை. எனினும் தாம் காண வந்ததைத் தம் வருகையும் சிறிது எரிக்கின்றது என்பதை அவர் அறிந்தே வருதல் வேண்டும்.

எம்முடைய மனக்குறை வேறொன்று. வடவளையத்து மணற்றிட்டில் ஒரு காவல் நிலையம் உண்டு. கடற்படையினரும் கரைக்காவலரும் காகயான்சில்லோ ஊராரும் கலந்த சிறு குழுவினர் சில திங்கள் முறைவைத்து அங்கே இருந்து, திருட்டு மீன்பிடிப்போரை விரட்டுகின்றனர். இவர்தம் காவலுக்கு விருந்தினர் கட்டணம் பெருந்துணை. 2020-இல் கொள்ளைநோய் பரவிற்று. மார்ச்சு வந்தது; கப்பல்கள் வரவில்லை. அப்பருவம் முழுதும் வருவாய் இல்லை. வேற்றுக் கப்பலின் கண்களும் இல்லை. திருடருக்கு அதனினும் நல்ல காலம் ஏது? காவலர் தம்மிடத்தை விட்டு அகன்றிலர். ஆனால் அவர் தம் எரிநெய்யும் அரிசியும் அயல்நாட்டார் விடுமுறையைச் சார்ந்து நிற்றல் முறையோ? காவற்செலவின் அடிப்பகுதியை அரசாங்கமே ஏற்றல் வேண்டும். விருந்தினர் பணம் அதன்மேற் சேர்வதாயிருத்தல் வேண்டும். அன்றி, செம்படவர் விட்டுக்கொடுத்த கடலைச் செல்வர் வரும் ஆண்டில் மட்டுமே காத்தல், அவ்வூராருக்குச் சொன்ன சொல்லைப் பாதியில் விடுவதாகும்.