இரண்டாம் கப்பல் வராத தீவு

மக்களாட்சியின் தொட்டில் ஏதென்ஸ் என்றும், பெரிக்ளீசின் காலம் பொற்காலம் என்றும் நாம் படித்தோம். நம் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தோம். அந்தப் பொன் எங்கிருந்து வந்தது என்று மட்டும் நாம் கேட்கவில்லை.

பாரசீகருக்கு அஞ்சிய ஏஜியன் கடல் நகரங்கள் கி.மு. 478இல் ஏதென்சின் தலைமையில் கூட்டணி அமைத்தன. டெலோஸ் தீவில் இருந்த பொதுக் கருவூலம் கி.மு. 454இல் ஏதென்சுக்குப் பெயர்ந்தது. பாதுகாப்பு நிதி கப்பமாயிற்று. பார்த்தெனான் எழுந்தது அதன் பின்னரே. தோழமை நகரங்களின் பணத்தில் நம் நகருக்கு அணி பூட்டுவதா என்று பெரிக்ளீசின் எதிரிகளே இடித்துரைத்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார்.

பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே வாக்கில்லை என்ற பழைய குறையை நாம் இங்கே விரிக்கப்போவதில்லை. நம் வழக்கு, வாக்கு இருந்தவர்கள் மீதே.

கிளர்ந்தெழுந்த மித்திலேனே நகரம் கி.மு. 427இல் தோற்றது. அந்நகரின் ஆண்கள் அனைவரையும் கொல்லவும், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கவும் ஏதென்சின் பேரவை முடிவு செய்தது. ஆணையைச் சுமந்து கப்பலும் புறப்பட்டது. மறுநாள் மனம் உறுத்தவே மக்கள் மீண்டும் கூடினர். முடிவை மாற்றலாகாது என்றான் கிளியோன். எதிர்த்துப் பேசிய டயோடோட்டசோ இரக்கத்தை முன்வைக்கவில்லை. கொலையால் ஏதென்சுக்கு ஆதாயமில்லை என்றே வாதிட்டான். உயர்ந்த கைகள் ஏறக்குறையச் சமம். மயிரிழையில் ஆணை மாறியது. இரண்டாம் கப்பலின் துடுப்புக்காரர்கள் மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த வாற்கோதுமை மாவைத் துடுப்பு வலித்தபடியே உண்டனர், முறைவைத்து உறங்கினர். கொலை தொடங்குமுன் போய்ச் சேர்ந்தனர். அப்படியும் கிளர்ச்சிக்குக் காரணமானோர் எனக் கருதப்பட்டோர் ஆயிரம் பேருக்குமேல் கொல்லப்பட்டனர் என்பதை ஏதென்சைப் புகழ்வோர் ஏனோ சொல்வதில்லை.

மீலோஸ் தீவுக்கு அந்த இரண்டாம் கப்பலும் வரவில்லை. அத்தீவினர் வேண்டியது நடுநிலை ஒன்றே. கி.மு. 416இல் அங்குச் சென்ற ஏதென்சின் தூதர்கள், நீதியைப் பற்றிய பேச்சே வேண்டாம் என்று முதலிலேயே விலக்கியதாகத் துசிடிடீஸ் காட்டுகிறார். தீவு முற்றுகைக்குப் பணிந்தது. பிடிபட்ட ஆண்கள் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் விற்கப்பட்டனர். ஏதென்சிலிருந்து ஐந்நூறு பேர் அங்கே குடியேறினர்.

இவை சில வெறியர்களின் வேலை, மக்களாட்சியின் மீது பழி இல்லை என்பர் சிலர். நாம் இதை ஏற்கவில்லை. இந்நகரில் கொடுங்கோலன் எவனும் இல்லை. பேச எழுந்தவனுக்கு உரிமை இருந்தது. கேட்க ஆயிரக்கணக்கானோர் இருந்தனர். சாகவிருந்தவர்களுக்கு மட்டும் அந்த மன்றத்தில் இடமில்லை. பெரும்பான்மை எதையெல்லாம் முடிவு செய்யலாகாது என்று அங்கே எவரும் வரம்பு கட்டவுமில்லை.

கலை அவர்களைத் திருத்தியிருக்கலாமே என்றால், அதையும் பார்த்துவிடுவோம். கி.மு. 415இன் வசந்த விழாவில் யூரிப்பிடீஸ், வீழ்ந்த டிராய் நகரப் பெண்கள் அடிமைகளாகப் பங்கிடப்படும் துயரத்தை அரங்கேற்றினார். மீலோசின் இரத்தம் உலராத காலம் அது. அதே குடிமக்கள் அமர்ந்து பார்த்தனர். போட்டியில் அவருக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. அதே ஆண்டில் சிசிலிமீது படையெடுக்கவும் அவர்கள் கை உயர்த்தினர். கி.மு. 413இல் அப்படை அழிந்தது; பிடிபட்டவர்கள் சிரக்கூசின் கல்லுடைக்கும் பள்ளங்களில், பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும், இறந்தோர் உடல்களின் நடுவே பல வாரங்கள் அடைபட்டுக் கிடந்தனர்.