பழையாற்றின் மூச்சுக்கணக்கு

மழைக்காலம் வந்துவிட்டால் குமரி மாவட்டச் செய்திப் பக்கங்களில் ஓர் அணைக் கணக்கு தவறுவதில்லை: பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி. டீக்கடையில் அதைப் பார்த்தே கும்பப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் தேறுமா என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்பதை மட்டும் யாரும் அச்சிடுவதில்லை.

கரைப்பதுதான் தண்ணீரின் குணமே. ஓர் ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் நேர்கோட்டில் நில்லாமல் வளைந்து சேர்ந்திருப்பதால், மூலக்கூறின் ஒரு பக்கம் லேசான எதிர்மின் தன்மை, மறுபக்கம் நேர்மின் தன்மை. உப்பைப் போட்டால் சோடியத்தை ஒரு பக்கமும் குளோரைடை மறுபக்கமும் இழுத்துப் பிரித்துவிடும். இப்படி ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 360 கிராம் உப்பை உள்வாங்கும். கடல்நீரில் இருப்பதோ லிட்டருக்கு 35 கிராம்தான். அதனால்தான் சாமித்தோப்பு, புத்தளம் உப்பளங்களில் அத்தனை வெயில் தேவைப்படுகிறது. பாத்தியில் நீர் சுண்டச் சுண்ட உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும், அப்புறம்தான் உப்பு. மக்னீசியம் மிகுந்த கசப்புநீர் கடைசிவரை படியாமல் நிற்கும். அதை வடித்துவிட வேண்டும்.

உப்பிடம் இவ்வளவு தாராளம் காட்டும் தண்ணீர், ஆக்சிஜனிடம் படு கஞ்சம். அந்த வாயுவில் மின் தன்மையுள்ள பக்கங்கள் இல்லை. தண்ணீருக்குப் பிடி கிடைப்பதில்லை. 30 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். காற்றிலோ லிட்டருக்கு ஏறக்குறைய 270 மில்லிகிராம். ஏழரை என்றால் மனிதருக்குச் சனி நினைவுக்கு வரும்; மீனுக்கு அதுதான் உயிர்.

சுருளோடு பக்கமிருந்து இறங்கிவரும் பழையாறு நாகர்கோவிலைத் தொடும்போது கை வைக்கப்படுவது இந்த ஏழரையில்தான். ஒழுகினசேரியில் கலக்கும் கழிவுநீரை நுண்ணுயிர்கள் தின்கின்றன; தின்னும்போது ஆக்சிஜனையும் தீர்க்கின்றன. மேலே ஆகாயத்தாமரை மூடிக்கொண்டால் வெளிச்சமும் உள்ளே போகாது; வெளிச்சமில்லாமல் பாசி ஆக்சிஜன் விடாது. ராத்திரி முழுக்கச் செலவு மட்டுமே, வரவு இல்லை. இப்படிப்பட்ட நீரில் விடியும் நேரம் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து தவிக்கும். ஆறு நிறைய ஓடுகிறது என்பதால் அவற்றுக்கு ஒரு லாபமும் இல்லை.

மீன்வளத்துக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராமும், குளிக்கும் நீருக்கு 5 மில்லிகிராமும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். அளவுகோல் கையில் இருக்கும்போது, அணை மட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒழுகினசேரி, சுசீந்திரம், மணக்குடி மூன்று இடங்களிலும் பழையாற்று நீரின் ஆக்சிஜன் அளவையும் தினமும் வெளியிட்டால் என்ன? கையடக்கக் கருவியே போதும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வேலை செய்கிறதா என்று கேட்க ஊராருக்கு அந்த ஓர் எண் கிடைத்துவிடும்.

ஒரே ஒரு நிபந்தனை. அளவை விடிவதற்கு முன் எடுக்க வேண்டும். நண்பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும் நேரத்தில் போய் அளந்தால், சாக்கடைகூட நல்ல எண்ணையே காட்டும்.