போனவர்கள் ஏன் போனார்கள்?

கே.ஜி.கண்டிகைக் கூட்டத்தில் விவசாயத் தொழிலாளித் தோழர் ஒருவர் நம்மை மடக்கினார்: "கிழக்கு ஜெர்மனி தொழிலாளி ராஜ்யம் என்றீர்களே, ஜனங்கள் ஏன் ஓடினார்கள்?"

நியாயமான கேள்வி. 1949 முதல் 1961-ல் பெர்லின் சுவர் எழும்வரை சுமார் 27 லட்சம் பேர் வெளியேறினர். மேற்கின் பணம் இழுத்தது என்போம். உண்மைதான், ஆனால் பாதிப் பதில்.

மீதியை எழுதியவர் எதிரியல்ல. அந்நாட்டு ஆளும் கட்சியின் உறுப்பினர் கிறிஸ்டா வோல்ஃப். 1963-ல் வந்த அவரது 'பிளவுபட்ட வானம்' நாவலில் ரீட்டா ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவள் காதலன் ரசாயன நிபுணன். அவனது கண்டுபிடிப்பை அதிகாரிகள் ஒதுக்கித் தள்ள, மனம் கசந்து மேற்கு பெர்லின் போகிறான். அவள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள், திரும்பியும் நொறுங்கிப்போகிறாள். போனவனைத் துரோகி என்று ஒரே சொல்லில் அந்நாவல் தீர்த்துவிடவில்லை.

நம்மை இன்னும் உறுத்துவது 1976. பாடகர் வோல்ஃப் பீர்மான், நாஜிகள் ஆஷ்விட்ஸில் கொன்ற கம்யூனிஸ்டுத் துறைமுகத் தொழிலாளியின் மகன். ஜனங்கள் மேற்கே போன 1953-ல், பதினாறு வயதில், ஹாம்பர்க்கை விட்டுக் கிழக்கே வந்தவர்! ஆட்சியின் குறைகளைப் பாடினார். மேற்கே கொலோன் நகருக்குப் பாடச் சென்றவரின் குடியுரிமையைப் பறித்துக் கதவடைத்தார்கள். கண்டித்துக் கையெழுத்திட்டவர்களில் கிறிஸ்டா வோல்ஃபும் ஒருவர். பிறகு கலைஞர்கள் பலர் வெளியேறினர். 1990-ல் அந்த ராஜ்யமே மறைந்தது.

கண்டிகைத் தோழரிடம் அன்று இத்தனையும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்வோம். அதற்குமுன், நம் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்ட தோழர்கள் வீட்டுக்கு ஒரு நடை போய், ஏன் என்று கேட்டு வருவோம்.