விரல் எங்கே இருந்தது?

துப்பாக்கி தானாக வெடித்துவிட்டது என்று அதைச் சுமப்பவர் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் மறுகேள்வி கேட்பதில்லை. பயிற்சி பெற்றவர், வருஷக்கணக்காக இடுப்பில் வைத்திருப்பவர், அவர் கை தவறுமா? பழி இரும்பின் தலையில் விழுகிறது. பழகிய கை தவறாது என்ற இந்த நம்பிக்கைதான் பழகிய கைகளையே சுடவைக்கிறது.

2004 ஏப்ரலில் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் போதைத் தடுப்புத் துறை அதிகாரி ஒருவர் சிறுவர்கள், பெற்றோர்கள் முன்னால் பேசிக்கொண்டிருந்தார். அந்த அறையில் கிளாக் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் தகுதி தனக்கு மட்டுமே உண்டு என்றார். சற்று நேரத்தில் குண்டு அவர் தொடையிலேயே பாய்ந்தது. பிறகு அவர் வழக்குப் போட்டார். எதற்கு? அந்தக் காட்சி பதிவான வீடியோ வெளியே கசிந்ததற்கு, தன் துறையின்மேல்!

தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று சினிமா பார்த்தவர்கள் நினைக்கிறார்கள். குழலின் பின்முனை அறையான சேம்பரில் ஏறிய தோட்டா அங்கேயேதான் இருக்கும். மேல்பகுதியான ஸ்லைடை இழுத்து அதை வெளியேற்றிவிட்டு அப்புறம் மேகசினைக் கழற்றினால் இன்னும் மோசம். ஸ்லைடு திரும்பும்போதே மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறியிருக்கும். செய்த காரியம் இரண்டும் சரி, வரிசைதான் தவறு. கிளாக்கைப் பிரித்துத் துடைக்க ட்ரிகரை ஒருமுறை அழுத்தியே ஆக வேண்டும். அந்த நொடியில் சேம்பர் காலி என்று கண்ணால் பார்க்காமல் மனதால் முடிவு செய்தவர்கள்தான் சுவரையும் காலையும் துளைக்கிறார்கள்.

அடுத்தது விரல். ஒரு கையால் எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது மறுகை விரல்களும் தாமாகவே இறுகக்கூடும். கால் இடறினாலும், திடுக்கிட்டாலும் அப்படித்தான். எத்தனை வருஷப் பயிற்சி இருந்தாலும் நரம்பு கேட்காது. விரல் ட்ரிகருக்கு வெளியே சட்டத்தின்மேல் கிடந்தால் வெறும் இறுக்கம், உள்ளே இருந்தால் வெடி. உறைக்குள் செருகும்போது சட்டை நுனி ட்ரிகரில் மாட்டினாலும் இதே கதை.

அப்படியானால் இயந்திரம் பழுதாவதே இல்லையா? ஆகும். 2017இல் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 கைத்துப்பாக்கி, சில கோணங்களில் கீழே விழுந்தால் வெடித்தது. நிறுவனம் எடை குறைந்த ட்ரிகரை இலவசமாக மாற்றித்தர முன்வந்தது. அந்தக் கோளாறு உண்மை, அதை மறுப்பவன் முட்டாள். ஆனால் குழல் ஆள் இல்லாத பக்கம் பார்த்திருந்தால், கோளாறான துப்பாக்கியும் ஆளைத் துளைக்காது.

இந்தப் பாடம் பழையது. 1873இல் வந்த கோல்ட் நிறுவனத்தின் ரிவால்வரில் ஹேம்மரை இறக்கி வைத்தால் அதன் முனை தோட்டாவின்மேலேயே படிந்திருக்கும். தட்டினாலோ விழுந்தாலோ வெடிக்கலாம். அதைத் தினமும் சுமந்தவர்களில் விவரமானவர்கள் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, ஹேம்மரைக் காலி அறைமேல் இறக்கி வைத்தார்கள். துப்பாக்கியை மட்டுமல்ல, தங்கள் கையையும் அவர்கள் நம்பவில்லை.