இரண்டாவது பெண் எங்கே?

1960 ஜூலை 21ஆம் தேதி கொழும்பில் சிறிமாவோ பண்டாரநாயக்க பதவியேற்றபோது, உலகத்துக்கே முதல் பெண் பிரதமர் கிடைத்தார். ஆறு ஆண்டு கழித்து தில்லியில் இந்திரா காந்தி. பிறகு மணிலாவில் அக்கினோ, இஸ்லாமாபாத்தில் பெனசிர், டாக்காவில் காலிதா ஜியா. ஐரோப்பா தாட்சரைத் தேர்ந்தெடுத்தது 1979இல்தான். அமெரிக்காவோ இன்னும் ஒரு பெண்ணைக்கூட அதிபராக்கவில்லை. மேடை கிடைத்தால் நம்மவர்கள் இந்த வரிசையைப் பெருமையாக ஒப்பிப்பார்கள். பெருமைப்படலாம்தான். அவர்களில் பலர் கணவரின் அல்லது தகப்பனின் பெயரைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் என்ற பழைய குறையும் உண்மைதான். தமிழர்களுக்கு சிறிமாவோ பெயரைச் சொன்னாலே 1964 ஒப்பந்தமும், நாடிழந்து கப்பலேறிய மலையக மக்களும்தான் நினைவுக்கு வரும். அதையும் மறைக்க வேண்டியதில்லை. பெண் ஆண்டால் நீதி தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நல்லவராக இருந்தால்தான் ஆளலாம் என்று எந்த ஆணிடமும் நாம் கேட்டதில்லையே.

என் கேள்வி வேறு. முதல் பெண்ணைக் கொண்டாடிவிட்டோம். இரண்டாவது பெண் எங்கே?

புனேயில் இருந்துகொண்டு இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. பெண்கள் அரசியல் பேசக் கற்ற ஊர்களில் புனே முக்கியமானது. 1848இல் சாவித்திரிபாய் புலேயும் ஜோதிராவ் புலேயும் பெண்களுக்குப் பள்ளி திறந்தது இங்கேதான். ரமாபாய் ரானடே 1909இல் சேவாசதனத்தை நிறுவியதும் இங்கேதான். கட்டாய ஆரம்பக் கல்வி ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் போதும் என்று நகராட்சியில் பேச்சு வந்தபோது, ரமாபாயின் தலைமையில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அகில இந்தியப் பெண்கள் மாநாடு முதன்முதலில் கூடியதும் இந்த ஊரில்தான், 1927 ஜனவரியில். அதே சமயத்தில் சென்னை சட்ட மேலவைக்குள் நுழைந்த முத்துலட்சுமி ரெட்டி, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். பின்னாளில் அந்த மாநாட்டுக்கே தலைமை ஏற்றார். புனேக்கும் சென்னைக்கும் அன்றே அப்படி ஓர் உறவு.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் புனே தெற்குத் தொகுதியிலிருந்து இந்திரா மாய்தேவ் மக்களவைக்குப் போனார். அதோடு சரி. இன்றுவரை புனே மக்களவைத் தொகுதியில் வேறு எந்தப் பெண்ணும் வென்றதில்லை. கோரே, எஸ். எம். ஜோஷி, மோகன் தாரியா, காட்கில், கல்மாடி, பாபட் என்று நீள்கிறது பட்டியல். 2024இலும் பெரிய கட்சிகள் நிறுத்திய வேட்பாளர்கள் எல்லாரும் ஆண்களே.

தகுதியான பெண் கிடைக்கவில்லை என்ற சாக்கு இந்த ஊரில் செல்லாது. 1962இல் 27 வயதில் சட்டமன்றத்துக்குள் போன பிரதிபா பாட்டீல், 2007இல் நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவரானார். பதவி முடிந்ததும் அவர் குடிவந்தது புனேக்கு. மேயராக இருந்த வந்தனா சவானை மாநிலங்களவைக்கு அனுப்பினார்கள். மேதா குல்கர்னி 2014இல் கோத்ரூடில் நின்று சட்டமன்ற உறுப்பினரானவர். அடுத்த தேர்தலில் அந்தத் தொகுதியை வாங்கி கோலாப்பூர்க்காரர் சந்திரகாந்த் பாட்டீலுக்குக் கொடுத்தது அவருடைய கட்சி. 2024இல் மேதாவுக்குக் கிடைத்ததும் மாநிலங்களவைதான். தலைமை நினைத்தால் தரக்கூடிய இடம் பெண்ணுக்கு, மக்களிடம் போய் வென்று வரவேண்டிய இடம் ஆணுக்கு என்றொரு பாகப்பிரிவினை இங்கே சத்தமில்லாமல் நடக்கிறது.

முக்தா திலக்கை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. லோகமான்ய திலகர் வீட்டு மருமகள். பெண்களின் உயர்கல்வியைத் திலகரின் பத்திரிகைகள் எப்படி எதிர்த்தன என்பது ஊரறிந்த வரலாறு. அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் 2002 முதல் நான்கு முறை மாநகராட்சி உறுப்பினராகி, 2017இல் மேயராகி, 2019இல் கஸ்பா பேட்டையின் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். 2022 ஜூனில் மாநிலங்களவைத் தேர்தல் வந்தபோது அவருக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. ஆம்புலன்ஸில் மும்பைக்குப் போய் வாக்களித்தார். பத்தே நாளில் மேலவைத் தேர்தல்; மறுபடியும் அதே பயணம். டிசம்பரில் காலமானார். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ உயிர்விட்டதும், பொதுத்தேர்தலில் வாக்களித்துவிட்டு வீடு திரும்பும் வழியில்தான். இவர்களுக்கு அரசியல் என்பது பெயருக்கு வகித்த பதவி இல்லை.

இந்த ஊர்ச் சந்துகளில் தேர்தல் நேரத்து பிளக்ஸ் போர்டுகளைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். வேட்பாளர் பெண். பெயருக்கு முன்னால் 'சௌ.', நடுவில் கணவர் பெயர். பக்கத்தில் கணவரின் படமும் அதே அளவில், சில போர்டுகளில் இன்னும் பெரிதாக. மாநகராட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்தபிறகு வார்டுக்கு வார்டு இந்தக் காட்சிதான். அதை வைத்து இடஒதுக்கீடே வீண் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வார்டில் தண்ணீர் வராவிட்டால் அந்தப் பெண்ணைத்தான் மற்றப் பெண்கள் போனில் பிடிக்கிறார்கள். மாமன்றக் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டியவரும் அவரேதான். ஐந்து ஆண்டில் தொழில் கைவந்துவிடுகிறது. கைவந்த நேரத்தில் சுழற்சி வந்து, அந்த இடம் பொதுவாகிவிடுகிறது. பொதுவான இடம் என்றால் ஆணுக்கான இடம் என்பதுதான் கட்சிகளின் கணக்கு. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தக் கணக்கைப் பொய்யாக்கியவர் பக்கத்திலேயே இருக்கிறார். மாநகராட்சியில் தொடங்கிய மாதுரி மிசாள், பர்வதி தொகுதியில் 2009 முதல் தொடர்ந்து நான்கு முறை வென்று இப்போது இணை அமைச்சர். ஒதுக்கீடு இல்லாத தொகுதி அது. பெண் என்பதற்காக அங்கே யாரும் வாக்கை மாற்றிப் போட்டுவிடவில்லை.

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 2023இல் அரசியலமைப்பைத் திருத்தினார்கள். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை என்று இரண்டு பூட்டுகளையும் சேர்த்தே போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் வென்ற பெண்கள் 543 பேரில் 74. இலங்கையில் அரசியல் குடும்பப் பின்னணி இல்லாத ஹரிணி அமரசூரிய 2024இல் பிரதமரானார். சிறிமாவோவின் நாட்டுக்கு அதற்கு 64 ஆண்டுகள் ஆயின. அந்த நாடாளுமன்றத்திலும் பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை.

கட்சிகள் பூட்டு திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த மக்களவைத் தேர்தலுக்குப் புனே வேட்பாளரை முடிவுசெய்ய உட்காரும்போது, இந்த மாநகராட்சியில் இரண்டு முறைக்கு மேல் வென்ற பெண்களின் பெயர்களை முதலில் எடுத்துப் பேசட்டும். எல்லாக் கட்சியிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்காவது இந்தத் தொகுதியைக் கொடுங்கள்.